வாலில் மாட்டுவதா, முதுகில் ஏற்றுவதா

9-11-70, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். வாடைக்காற்று. கடல் இரைச்சலில் கோயில் மணி காதில் விழவில்லை. பூசைக்குப் போகாததற்கு நல்ல சாக்கு.

வீட்டு நிலவரம்: முன் அறை போன மாதமே கடலுக்குள். மிச்சம் நடு அறை, அடுப்படி, ஓலைத்தட்டி கட்டிய குளிக்கிற மூலை. இன்று காலை பார்த்தால் வாசல் தென்னையையும் காணோம். நான் முட்டாள் மாதிரி அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தேன். மேரி மீன்கூடையைக் கழுவிக்கொண்டே, "இன்னாய்யா தேட்ற? அது இந்நேரம் பர்மா போய் சேந்துகீம்" என்றாள். பெண்டாட்டிக்கு வீடு போகிற நேரத்திலும் வாய் மட்டும் போகவில்லை.

வேலைக்குப் போனேன், எண்ணூர் யார்டு. கட்டுமான வேலை முடிந்து கம்பெனி மூட்டை கட்டுகிறது. வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் தங்கியிருந்த சக்கர வீடுகள் இரண்டு மூலையில் நிற்கின்றன, தகர உடம்பு, ஜன்னல், உள்ளே கட்டில் எல்லாம் வைத்து. மானேஜர் கூப்பிட்டார். "அருளப்பா, உன் வீட்டைக் கடல் எடுக்குதாமே. இதுல ஒண்ணை நீ எடுத்துக்கோ. இன்னொண்ணு காயலான் கடைக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எதுன்னு சொல்லிடு. சனிக்கிழமை யார்டு காலி."

ஒன்றை மட்டும் காட்டியிருந்தால் காலில் விழுந்து வாங்கியிருப்பேன். இரண்டைக் காட்டிவிட்டார் மனுஷன். சாப்பாடு இறங்கவில்லை.

பெரியதற்கு ஐந்தாம் சக்கர வண்டி என்று பெயராம். அடியில் படுத்து எண்ணினேன். நாலுதான். ஒன்றை எவனோ கழற்றி விற்றுவிட்டான் என்று வாட்ச்மேனிடம் எகிறினேன். லாரி டிரைவர் காதர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் லாரியின் முதுகில் கிரீஸ் பூசிய வட்டத் தட்டு ஒன்று படுத்திருக்கிறது. வண்டியின் மூக்கு அதன்மேல் உட்கார்ந்து திரும்பும். அதுதான் ஐந்தாவது. நான் பைப் ஃபிட்டர். தண்ணீர் போகிற வழி தெரியும், வண்டி போகிற வழி தெரியாது.

10-11, செவ்வாய்

மழை இல்லை. வெயிலும் இல்லை. லீவு போடவில்லை, வேலையும் செய்யவில்லை.

காதர் பாய் பீடி பற்ற வைத்து விளக்கிய பாடம்:

"சின்னது வால்ல மாட்றது. ஜீப்பு, டிராக்டரு, எது வந்தாலும் இஸ்துகினு பூடும். இன்னிக்கு இங்க, நாளிக்கு அங்க. ஆனா உள்ள ஒரே ரூம்பு. பெருசு முதுவுல குந்திக்கும். ஜம்முனு ஆடாம வரும். மூக்குக்கு மேல தனியா ஒரு ரூம்பு கீது, கதவோட. ஆனா தட்டு வெச்ச லாரிதான் அத்த தூக்கும். என் லாரி சனிக்கிழமை மத்தியானம் பம்பாய் கெளம்புது தோஸ்து. அப்பால நீ எங்க வெச்சியோ அங்கதான் அது."

சின்னதைப் பின்பக்கமாக எடுக்க இன்னொரு பாடம். இடப்பக்கம் போகணுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கணும். இது எனக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

சாயங்காலம் மேரியையும் மகள் ஸ்டெல்லாவையும் கூட்டிப்போய்க் காட்டினேன். மேரி நேராகச் சின்னதிடம் போனாள். சுற்றி வந்தாள். மாடு வாங்க வந்தவள் மாதிரி தட்டிப் பார்த்தாள்.

"இது போதும்யா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வலை காய வெக்கிற எடத்துல போட்டுக்கலாம். கடல் வந்தா இஸ்துகினு இன்னும் உள்ள போலாம். எடம் எங்களதுன்னு ஹார்பர்காரன் தொரத்துனாலும் இஸ்துகினு போலாம். கூடைய தூக்குனா காசிமேடு மீன் மார்க்கெட்டு."

ஸ்டெல்லா பெரியதன் மேல் அறைக்கு ஏறிவிட்டாள். தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள். போட்டாள். மறுபடி எடுத்து இறங்கி வந்தாள். தண்டையார்பேட்டையில் தையல் கம்பெனி வேலை, இருபது வயது. முன் அறை போனதிலிருந்து பக்கத்து வீட்டு அடுப்படியில் படுக்கிறாள். புடவை மாற்றும்போதெல்லாம் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே நின்று கடலைப் பார்க்கிறோம். இரண்டு பேருக்கும் கடல் அத்தனை பிடிக்கும் என்று ஊரே நம்புகிறது.

11-11, புதன்

பெரியதை எடுத்தால் மறுபடி நகர்த்த முடியாது, கடல் எட்டாத இடமாக வைக்க இருப்பது வியாசர்பாடி ஒன்றுதான். அண்ணன் பட்டறைக்குப் பின்னால் காலி மனை. காலையில் போய்க் கேட்டேன். அண்ணன், "வெச்சிக்கோடா, ஆனா மேரி வருமா?" என்றார். அண்ணனுக்கு நாக்கில் மச்சம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தொடங்கியது.

மேரி: "வியாசர்பாடியா? மீனு பஸ்ஸுல ஏறி வருமா? கண்டக்டர் கூடைய பாத்தாலே மூஞ்ச சுளிக்கிறான். நான் மூணு தபா ஏறி எறங்குறதுக்குள்ள அது கருவாடாயிடும்."

ஸ்டெல்லா: "அம்மா, கடல் தொரத்தத் தொரத்த ஓடிக்கினே இருக்கணுமா?"

"உன்னை வளத்தது அந்தக் கடலுடி."

"அதுவே இப்ப என் துணிய இஸ்துகினு போவுது."

"உன் நைனா வாயத் தொறந்து சொல்லட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையில் ஒழுகுகிற இடத்தைப் பார்த்தேன். அங்கே பார்க்க நிறைய இருந்தது.

உண்மையில் என் மனசு? காலையில் பெரியது. மத்தியானம் சின்னது. வலை காயும் இடத்தில் கூடையோடு நிற்கும் மேரியை நினைத்தால் ஒன்று, அடுத்த வீட்டு அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற பெண்ணை நினைத்தால் இன்னொன்று. நடு அறைச் சுவரில் இன்று புதிதாக விரிசல். கையை விட்டால் போகிறது.

வாங்க வேண்டியவை: சாக்கு, கயிறு, மண்ணெண்ணெய். சாக்கு கிடைக்கவில்லை.

12-11, வியாழன்

காற்று. படகு ஒன்றும் இறங்கவில்லை. அதனால் மேரியின் தம்பி சூசை சும்மா இருந்தான். அதுதான் வினை.

சின்னதைச் சாமான் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றது நான். மானேஜர் பழைய ஜீப் தந்தார், ஓட்டுவதற்குக் காதர் பாய். சூசை வீட்டுச் சாமானைக் கைவண்டியில் யார்டுக்குத் தள்ளிவந்து ஏற்றினான். ஆட்டுக்கல், அம்மி, தண்ணீர் டிரம், இரும்புப் பெட்டி எல்லாம் கடைசியில். முன்னால் பாய், தலையணை, மாதா படம்.

"மூக்கு லேசா இருந்தாத்தான் மாமா அலைமேல ஏறும். பின்னால கனம் இருந்தாத்தான் நிக்கும்."

நானும் தலையாட்டினேன். பைப் ஃபிட்டராக இருந்தாலும் பிறந்தது கட்டுமரத்துக்காரன் வீட்டில். எங்கள் ஜாதிக்கே அப்படித்தான் ஏற்றத் தெரியும். காதர் பாய் அந்நேரம் டீக்கடையில்.

மேரி மாதா படத்தைப் பிடித்துக்கொள்ள உள்ளேயே உட்கார்ந்தாள். நான் ஜீப்பில். யார்டுக்குள் ஒழுங்காக வந்தது. ரோடு ஏறிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் வால் ஆட ஆரம்பித்தது. முதலில் நாய் மாதிரி. அப்புறம் பிசாசு மாதிரி. உப்பளத் திருப்பத்தில் எதிரே பஸ். ஜீப்பின் பின்பக்கத்தையே தூக்கித் தூக்கிப் போடுகிறது. காதர் பாய், "யா அல்லா, பிரேக்க தொட்டா கவுந்துரும், புட்சிக்கோ" என்றார். நான் அந்தோணியாரைக் கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேன் போலிருக்கிறது, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் மண்ணில் இறங்கி ஒதுங்கியது. நாங்கள் உப்பளக் கரையில் போய் நின்றோம்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மேரி மூலையில். தலை அவிழ்ந்து, முழங்கை சிராய்த்து, மாதா படம் மட்டும் உடையாமல் மடியில். இறங்கினாள். நடந்தாள். ரோட்டைத் தாண்டி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காதர் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆட்டுக்கல்ல எந்தக் கயிதடா பின்னால வெச்சது? இது இன்னா கட்டுமரமா? சக்கரத்துக்கு முன்னால கனம் வெக்கணும்டா. பின்னால வெச்சா அது கொக்கியத் தூக்கும், இப்புடித்தான் ஆடும்."

சூசை என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அக்காகிட்ட சொல்லாத மாமா. தோல உரிச்சி உப்பளத்துலயே காய வெச்சிரும்."

சொல்லாமல் விட்டால் மேரி இனி சின்னதைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். பெரியது, கதவு, தாழ்ப்பாள், ஸ்டெல்லா, எல்லாம் சண்டையில்லாமல் முடியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எனக்கு நன்றாக வருகிற வேலை அது. ரோட்டைத் தாண்டிப் போகிற வரை வாயை மூடத்தான் நினைத்தேன்.

மேரி திரும்பாமலே கேட்டாள். "நெசமா சொல்லு. இந்த வண்டியே இப்புடித்தானா?"

முழங்கையில் ரத்தம் காயாமல் இருந்தது. சொல்லிவிட்டேன்.

சூசைக்குச் செருப்படி ஒன்று. எனக்கு அரை, அவன் குறுக்கே வந்ததால். கனத்தை முன்னால் மாற்றி ஏற்றினோம். மேரி மறுபடி உள்ளே ஏறினாள். நான் வேண்டாமென்றேன், கேட்கவில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீடு வரை நூல் பிடித்த மாதிரி வந்தது. இறங்கும்போது முகத்தில் புதுப்பெண் களை. "சின்னதேதான். நாளிக்கு மானேஜராண்ட சொல்லிடு."

சாமானை இறக்கியதும் காதர் பாய் வண்டியை யார்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். ஸ்டெல்லா வேலை விட்டு வந்ததும் சொன்னோம். "சரி" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போனாள். அந்தச் சரிக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

13-11, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் அலை ரோட்டைத் தொட்டது. தெருவே வேடிக்கை. யார் வீடு எப்போது விழும் என்று பார்க்க வெளித்தெரு ஆட்களும் வந்து நின்றார்கள். ஸ்டெல்லா வேலைக்குப் போகணும், குளித்துக்கொண்டிருந்தாள். நான் வேண்டாமென்று சொல்லியிருக்கணும். தட்டிக்குக் கீழே மண் போனது யாருக்கும் தெரியவில்லை. ஒரே அலை. தட்டி, வாளி, மூங்கில் எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மார்பு வரை கட்டிய உள்பாவாடை, முகத்தில் சோப்பு, கண் திறக்க முடியவில்லை. எதிரே அத்தனை ஜனம். எவனோ விசில் அடித்தான்.

நான் ஓடினேன், சேற்றில் கால் புதைந்து விழுந்தேன். எனக்கு முன்னால் மேரி. காசிமேட்டிலிருந்து அப்போதுதான் வந்தவள், தலையிலிருந்த கூடையை அப்படியே போட்டாள். மீன் மணலெல்லாம். கூடைமேல் போட்டிருந்த ஈரச்சாக்கை உருவிப் பெண்ணைச் சுற்றினாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி அவள் பேசியதை இங்கே எழுத முடியாது. விசில் அடித்தவன் தண்டையார்பேட்டை வரை ஓடியிருப்பான்.

ஸ்டெல்லா அழவில்லை. பக்கத்து வீட்டில் தலையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். "நாத்தம் போவல" என்று மட்டும் சொன்னாள், யாரிடமும் இல்லாமல்.

நான் யார்டுக்குப் போனேன். மானேஜர் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தார். அப்போதும் நான் போய்ச் சொல்லவில்லை. எதைச் சொல்வது? மேரியிடம் ஒத்துக்கொண்டாகிவிட்டது. காலையில் பார்த்ததும் கண்ணை விட்டுப் போகவில்லை. வெளியே ஒரே போல்ட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணி சுமாருக்கு வாட்ச்மேன் வந்து, "உன் சம்சாரம் கேட்டாண்ட நிக்குதுபா" என்றான். எண்ணூருக்குத் தனியாக வந்ததே இல்லை. காலிக் கூடை இடுப்பில்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"பெருசு சொல்லு."

"நேத்து சின்னதுன்னு..."

"கதவு வெச்சத சொல்லுய்யா."

"அப்ப உன் மீனு?"

"மீனு என் கவலை. உன்கிட்ட கேட்டனா? மூஞ்சப் பாத்துகினு நிக்கிற, போய் சொல்லு. அந்தாளு வூட்டுக்கு பூடப் போறான்."

போய்ச் சொன்னேன். திரும்பி வந்தபோது கேட் அருகே இல்லை. பஸ் ஏறிவிட்டாள்.

14-11, சனி

மழை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிக்கணும், காதர் பாய் பம்பாய் போகணும்.

பெரியதன் மூக்கு லாரி முதுகில் ஏறி உட்கார்ந்தது. கடக் என்று ஒரு சத்தம். நல்ல சத்தம். ஆனால் உயரம். ரயில் பாலத்துக்கு அடியில் நுழையாது. மணலி, மாதவரம் என்று சுற்றினோம். மூலக்கடையில் மரக்கிளை மறித்தது. நான் கூரைமேல் ஏறிக் கையால் தூக்கிப் பிடித்தபடி, ஏதோ சாமி ஊர்வலத்துச் சாமி மாதிரி வந்தேன். சில பேர் கும்பிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சூசை கைவண்டியில் சாமானை நேராகக் கொண்டுவந்து சேர்த்தான். ஆட்டுக்கல்லை முன்னால் வைத்துக் கட்டியிருந்தான். கைவண்டியில்.

அண்ணன் மனையில் இறக்கும்போது மூக்கைத் தாங்கும் இரும்புக்கால் ஒன்று இறங்கவில்லை, துரு. ரயில் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தோம். காதர் பாய் ஒருமுறை என்னைப் பார்த்தார். "உட்டுறவா? உட்டா அவ்ளதான் தோஸ்து."

மேரியைப் பார்த்தேன். அவள் லாரியைப் பார்த்தாள். "உடு பாய்" என்றாள்.

லாரி அடியிலிருந்து நழுவியது. வீடு ஒரு முக்கு முக்கி நின்றது. காதர் பாய் கையை ஆட்டிக்கொண்டே போனார். அந்தத் தட்டு மழையில் பளபளவென்று போய்க்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா மேலே ஏறி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் சத்தம். வெகு நேரம் திறக்கவில்லை. உள்ளே என்ன செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதுதானே கதவு. கொஞ்சம் கழித்து விசும்பல் கேட்டது. நேற்று வர வேண்டியது.

மேரி எழுந்து கதவுவரை போனாள். தட்டக் கையை ஓங்கினாள். தட்டாமல் திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்தாள். காற்றை முகர்ந்து பார்த்தாள். இங்கே பட்டறை எண்ணெய் வாசனைதான்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"யோவ், காசிமேட்டுக்கு மொத பஸ்ஸு இங்க எங்க நிக்கும்?"

தெரியாது என்றேன்.

"அப்ப அத்த மூடி வெச்சிட்டுப் போய் கேட்டுகினு வா."