பரிசு வாங்கிய பனியன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

சிரிக்கமாட்டாய் என்றால் ஒரு மானக்கேட்டைச் சொல்கிறேன்: என் பனியனைப் பல்கலைக்கழகமே பார்த்துவிட்டது. உன் முட்டிவலி தேவலையா?

நான் பெருக்கித் துடைக்கும் ஆய்வுக்கூடத்தில் துணி காயப்போட்டால் வேலை போய்விடும். நானோ பழைய கணினி விசிறிகளை வரிசையாகக் கட்டி, முன்னால் பனியனைத் தொங்கவிட்டிருந்தேன். அன்று பார்த்துப் புதுமை விழா. துறைத்தலைவர் நடுவர்களோடு நுழைந்துவிட்டார்.

"என்னய்யா இது?"

"கண்டுபிடிப்புங்க ஐயா. வெயிலே வேணாம், துணி காஞ்சிடும்."

"பனியன் எதுக்கு?"

"செயல்விளக்கம்ங்க."

வேலை தப்பியது, இரண்டாம் பரிசும் கொடுத்துவிட்டார்கள்! மேடையில் நான் நின்ற தோரணையை நீ பார்த்திருக்கவேண்டும்.

துணிக்கிளிப் ஒரு டஜன் அனுப்பு. முகவரியை மகளிடம் எழுதச் சொல்லாமல் உன் கையாலேயே எழுது. மேற்பார்வையாளர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் விஞ்ஞானி

பி.கு.: ஊழியர் பிரிவில் போட்டியிட்டது நான் ஒருவன்தான்.