ரோஸிக்கு வேண்டாமென்று சொன்ன டி.வி.

லிசா அப்பாவுக்கு,

காரக்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

காலையில் படப்பை மெக்கானிக் வந்து டி.வி.யைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பேக்லைட் போய்விட்டதாம். "இந்த மாடலுக்கு ஸ்பேரே வர்றதில்லமா, தூக்கிப் போட வேண்டிதான்" என்றார். பின்மூடிக்குள் உங்கள் ஃபேக்டரி லைனின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "நானே செக் பண்ணது" என்று முந்தின வருடம் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஆசையாகத் தூக்கிவந்த டி.வி.

பாவம், உங்களுக்கே தெரிந்திருக்காது என்று உங்கள் தங்கை ரோஸியிடம் போனில் புலம்பினேன். "இன்னா அண்ணி, அந்த டி.வி.ய வாங்காத, ரெண்டு வருஷம்கூடத் தாங்காதுன்னு அண்ணன் அப்பவே என்னாண்ட சொல்லிச்சே" என்கிறாள்.

தங்கையிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஸ்டாஃப் ஆளுக்கொன்று எடுத்தே ஆகணும் என்று சூப்பர்வைசர் நெருக்கியிருந்தால், அதைச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடித்தா விடுவேன்?

அப்பளம் டப்பாவில் இருக்கிறது.

இன்னொன்று. எதிர்வீட்டு சரோஜாக்காவும் அதே டி.வி.தான் வாங்கினார்கள். ஐந்து மணிக்கு மாவு வாங்க வருவார்கள். அது எத்தனை நாள் ஓடும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று சொல்லித்தான் நான் அவர்களை வாங்க வைத்தேன்.