வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?

மார்ச் 4

என் மகளின் அம்மாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. எச்.ஐ.வி. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் போன வருடம் ஒன்றுக்குள் இருந்தது. இப்போது ஒன்று புள்ளி எட்டுக்கு ஏறிவிட்டது, சிறுநீரகம் பழுதாகிறதாம். ஏன் என்று டாக்டரம்மாவுக்கே பிடிபடவில்லை. காலும் வீங்குகிறது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பிரேக் மிதிக்கிறேன். பயமாக இருக்கிறது. உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

உன் டிரைவர்

மார்ச் 10

டிரைவருக்கு,

நானும் அதே மாத்திரைதானே சாப்பிடுகிறேன், நீங்கள் என் பேரில் எழுதிவைத்த ஒரே சொத்து. அதனால் இங்கே எனக்கு மாத்திரை கொடுக்கும் நர்ஸிடம் கேட்டேன். "வலி மாத்திரை போடுவாரா?" என்றுதான் முதலில் கேட்டார். நம் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாமாம். முதுகுக்கு இன்னும் தினமும் இரண்டு விழுங்குகிறீர்களா? டாக்டரம்மாவுக்கு அது தெரியுமா?

கோபம் ஆறவில்லை. ஆனாலும் உடனே பதில் போடுங்கள்.

மகளின் அம்மா

மார்ச் 15

அம்மா தாயே,

இரண்டல்ல, மூன்று. டிப்போ பக்கத்து டாக்டர் எழுதிக் கொடுத்தது. "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்டபோது இல்லை என்றேன். சுற்றிலும் எங்கள் கண்டக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவும் அதையே கேட்டார். வலி மாத்திரையெல்லாம் ஒரு மருந்தா என்று அங்கேயும் இல்லை என்றேன். இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

டிரைவர்

மார்ச் 19

டிரைவருக்கு,

இதே முகத்தோடுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள். ஒரு டாக்டருக்கு எச்.ஐ.வி. மாத்திரை தெரியாது, இன்னொருவருக்கு மூன்று வலி மாத்திரை தெரியாது. என்னிடமும் இப்படித்தான் மறைத்தீர்கள். உங்கள் நோய் எனக்கும் தொற்றியது எனக்கே தெரியாமல் மூன்று வருடம் போனது. அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நீங்கள் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. போய்ச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மகளின் அம்மா

மார்ச் 29

அன்புள்ளவளுக்கு,

டாக்டரம்மாவிடம் போனேன். உன் கடிதத்தையே நீட்டினேன். மன்னிக்கவில்லை என்று நீ எழுதியதையும் விடாமல் படித்தார். வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார், எச்.ஐ.வி. மாத்திரையை வேறொன்றாக மாற்றினார். சிறுநீரகம் எவ்வளவு மீளும் என்பது இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்த்தால்தான் தெரியுமாம்.

கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "யாரு எழுதினது?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி" என்றேன். அதுவும் நான் சொன்ன பொய்தானா என்று நீதான் எழுத வேண்டும்.

டிரைவர்