ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்றீர்கள்

என் பிரியமான அண்ணனுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. ஓமலூர் பட்டறையைத் தினமும் திறக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை.

கடைசியாக எருமப்பட்டியிலிருந்து காரைக் கொண்டுவந்தீர்களே. "ஸ்டியரிங் கனமா இருக்குது தம்பி. இடப்பக்கம் ஒடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருது" என்றீர்கள்.

பவர் ஸ்டியரிங் ஆயில் சரியான அளவில் இருந்தது. பெல்ட் தொய்யவில்லை. டயர்களில் காற்றும் குறையவில்லை. இன்ஜினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். பம்ப் முனகவில்லை. எனக்கு லேசாகத்தான் திரும்பியது.

"வண்டில ஒண்ணுமில்லீங்கண்ணா. உங்களுக்குத்தான் வயசாயிருச்சு."

சிரித்தீர்கள். வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கைச் சுற்றி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் விழுந்தீர்கள். மூளையில் ரத்தம் கட்டியிருந்தது என்றார் சேலத்து டாக்டர். "இடது கை கொஞ்ச நாளாவே பலமில்லாம இருந்திருக்குமே, யாரும் கவனிக்கலையா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அண்ணி இல்லையென்று தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு உங்கள் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்திருந்தால்?

போன வாரம் சூரமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங் கனம் என்றார். நான் பானெட்டைத் திறக்கவில்லை. என் விரல்களை நீட்டி, "ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிங்க, பாக்கலாம்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பிடித்தார். இரண்டு கையிலும் ஒரே பிடி. வண்டியில்தான் கோளாறு; ஹோஸ் வெடித்து ஆயில் முழுக்க ஒழுகியிருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.

"கையை எதுக்குங்க புடிக்கச் சொன்னீங்க?" என்று கிளம்பும்போது கேட்டார்.

சொன்னேன், அண்ணா. முதல்முறையாக ஒரு மனிதரிடம் முழுவதையும் சொன்னேன். சொல்லும்போதும் ஒன்றும் தோன்றவில்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல இருந்தது. "உங்க அண்ணிக்கு இது தெரியுங்களா?" என்றார் அவர்.

தெரியாது. அண்ணி என்னைச் சாப்பிட வரச்சொல்லி வாராவாரம் கூப்பிடுகிறார். ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். உங்கள் காரை அவர்தான் இப்போது ஓட்டப் பழகுகிறாராம். ஸ்டியரிங் பூப்போல இருக்கிறது என்று போனில் சொன்னார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சாப்பிட உட்காரும் முன்பே அண்ணியிடம் சொல்லிவிடுவேன். போகச் சொன்னால் போய்விடுவேன். இருக்கச் சொன்னால் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களுடன் பிறந்த தம்பி