பாலத்தைப் பூட்டியவர் வீடு

ஜூன் 11

பால், உப்பு, செருப்பு தைத்த கூலி. கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். முழங்கால் வரை சேறு.

"ஆத்துப் பாலத்தைப் பூட்டிட்டேன்" என்றார், ஏதோ கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் மாதிரி.

போக்குவரத்துத் துறையில் பாலங்களைச் சோதிப்பதுதான் அவர் வேலை. மழைக்கு முன் ஒவ்வொரு தூணையும் போய்ப் பார்ப்பார். ஆனால் இதுவரை எதையும் மூடியதில்லை.

"நம்ம பொண்ணு அந்தக் கரையில இருக்கா. ஞாபகம் இருக்கா?" என்றேன். அவளுக்கு இது நிறைமாதம். பாலத்தில் போனால் அரை மணி. மலையைச் சுற்றினால் பாதி நாள்.

"இருக்கு" என்றார். கால் கழுவப் போய்விட்டார்.

ஜூன் 13

தம்பி வந்து கத்தினான். அவனும் அதே துறையில்தான் பேருந்து ஓட்டுகிறான்.

"மச்சான், நீங்க ஒரு சங்கிலியைக் கட்டிட்டு வந்துட்டீங்க. தினம் மலையைச் சுத்தறது நாங்க. ஊரே கரிச்சுக் கொட்டுது!"

"தண்ணி குடி மாப்பிள்ளை. தொண்டை கட்டிக்கும்."

தம்பி செம்பைத் தள்ளிவிட்டுப் போனான்.

ஜூன் 14

"பாலத்தைப் பூட்டினவர் வீட்டம்மாவா? உங்களுக்குக் கத்தரிக்காய் மலையைச் சுத்திதான் வரும்" என்றாள் காய்கறிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 17

அவர் துறையின் துணை இயக்குநரே வீடு தேடி வந்தார். உட்காரவில்லை.

"மேலேயிருந்து நெருக்கறாங்க. பாலத்தைக் கருவி வச்சுப் பார்த்தாச்சு, எந்தக் குறையும் தெரியல. திறக்கலாம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா உங்களை வேலையிலேர்ந்து நிறுத்தி வைக்க வேண்டி வரும்."

"கருவி தண்ணிக்கு மேல இருக்கறதைத்தான் பார்க்குது சார்."

அவர் தலை மறைந்ததும் நான் வெடித்தேன். போட்டுத் தொலைங்களேன்! ஊருக்கெல்லாம் இல்லாத பயம் உங்களுக்கு மட்டும் எதுக்கு? நம்ம பொண்ணுக்கு ராத்திரியில வலி எடுத்தா என்ன பண்ணுவா? — இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கை கூசுகிறது.

அவர் செருப்பை மாட்டினார். ஆற்றுக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் தூணின் அடியில் நீண்ட மூங்கில் கழியை என் கையில் கொடுத்து, "குத்து" என்றார். குத்தினேன். தரை தட்டவே இல்லை. தூணுக்கு அடியிலேயே கழி போய்க்கொண்டிருந்தது, என் முழங்கை நனையும் வரை.

"தூண் நிக்குது. நிக்கறதுக்குத் தரையில்லை."

பாலம் திறக்க வேண்டுமென்று தினமும் பிரார்த்தித்தேன். இன்று கண்ணை மூடினால் என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

ஜூன் 18

இன்று அவராகவே பேசினார். இத்தனை வருஷத்தில் அந்தத் துறையைப் பற்றி நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. சம்பளம் வரும் இடம், அவ்வளவுதான் எனக்கு.

"எங்க துறை பாலம் கட்ட வந்ததில்லை. ஓடம் விட வந்தது. அப்புறம்தான் ரோடு, பாலம், பஸ்ஸெல்லாம். ஒரு தடவை ஓட்டை ஓடம் ஆளுங்களோட முழுகிடுச்சு. அதிலிருந்து, ஓடம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தவர்தான் முதல்ல ஏறணும்னு ஆச்சு. பாலம் வந்தப்புறமும் அதே வழக்கம்தான். பாரம் ஏத்திப் பார்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் கீழே தூணடியில நிக்கணும்."

"சட்டமா?"

"இல்லை. ஆனா நிக்காம யாரும் இருந்ததில்லை."

ஜூன் 20

அவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். துணை இயக்குநரே கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளை மறுநாள் சோதனை. மணல் மூட்டை ஏற்றிய பேருந்து பாலத்தில் ஓடும். ஓட்டப்போவது — என் தம்பி.

ஓடினேன். "போகாதடா" என்று கையைப் பிடித்தேன்.

"வேலை போயிடும்க்கா." முன்போலக் கத்தவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

இறைவா.

ஜூன் 22

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால் மனசு அடங்கும்.

கரை முழுக்கக் கூட்டம். சங்கிலியை அவிழ்த்தார்கள். தம்பி இருக்கையில் ஏறி வண்டியை உறும விட்டான். பிறகு அணைத்தான். துணை இயக்குநரைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினான்.

"சார், நீங்க இன்னும் கீழே இறங்கலையே?"

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம்ப்பா. நீ வண்டியை எடு."

"நானும் அந்தக் காலத்து ஆளுதான் சார். நீங்க போய் நின்னதும் எடுக்கறேன்."

கூட்டம் சிரித்தது. துணை இயக்குநர் ஆற்றுக்கு இறங்கும் படியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கழியை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

மேலே நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தம்பி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

மேலே வந்தபோது அவர் சட்டைக் கை தோள் வரை நனைந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல், "மழை வர்ற மாதிரி இருக்கு. சோதனையைத் தள்ளி வைக்கறோம்" என்றார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

தம்பி இறங்கி வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஜூலை 4

முக்குளிப்பவர்கள் பார்த்துச் சொன்னார்களாம்: மூன்றாம் தூணுக்கு அடியில் பாதிக்கு மேல் மண் இல்லை. செய்தித்தாளில் துணை இயக்குநர் படம். அவருடைய விழிப்பால் பேராபத்து தவிர்க்கப்பட்டதாம். என் வீட்டுக்காரரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மைல்கல் அடுக்கிவைக்கும் கிடங்குக்கு.

எனக்கு நெஞ்சு எரிந்தது. இவர் தாளை மடித்து வைத்தார். "கீழே இறங்கிப் பார்த்தாரே, அது போதும்."

எனக்குப் போதவில்லை.

ஜூலை 9

பேத்தி பிறந்துவிட்டாள். இருவரும் நலம். வலி எடுத்தபோது நான் மகள் பக்கத்தில் இல்லை. செய்தி வந்ததும் மலைவழிப் பேருந்தில் கிளம்பினேன். வண்டிக்குள் நிற்க இடமில்லை. பேச்சு முழுக்கப் பாலம்தான்.

"அந்தத் துணை இயக்குநர் புண்ணியவான். அவருக்கு முன்னாடி ஒருத்தன் பூட்டினானே, யார்கிட்டயோ காசு வாங்கிட்டுத்தான் பூட்டியிருப்பான்" என்றாள், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

வழக்கமாக இப்படிப் பேச்சு வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன்.

"பூட்டினது என் வீட்டுக்காரர்" என்றேன். "தூணுக்கு அடியில கழி விட்டு நானே பார்த்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்:

"அப்போ எப்பத் திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமேம்மா?"

"ரெண்டு வருஷம் ஆகும்ங்கறாரு."

"அய்யோ, ரெண்டு வருஷமா!" என்றாள். வண்டி வளைவில் திரும்பியது. கீழே ஆறு, அதன் மேல் ஆளில்லாத பாலம். தூங்கும் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"சரி, அவசரப்படாம கட்டச் சொல்லுங்க."