சுவிஸ் மாப்பிள்ளையின் தலை

யூலை 8, செவ்வாய்

விடியவே கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். டச்சு பே கடற்கரையில் தர்சினியின் கல்யாணத்துக்கு முந்திய வீடியோ. மாப்பிள்ளை சுவிஸில். பத்து நாள் லீவு, அதுவும் ஆவணியில் கல்யாணத்துக்குத்தான். வேறொருவன் மகளின் கையைப் பிடிக்க அவளுடைய அம்மா விடமாட்டார். ஆகவே மாப்பிள்ளை வேடம் பெண்ணான எனக்கு. ஸ்டூடியோ சித்தப்பாவுடையது, முடிவும் அவருடையது. கோட், சப்பாத்து அவருடையவை. சப்பாத்து இரண்டு இலக்கம் பெரிது.

மூன்று மணித்தியாலம் கைகோத்து நடை. அந்த வெயிலிலும் தர்சினியின் கை சில்லென்று. ஒரு தரம்தான் சிரித்தாள், கடற்கரையில் திரியும் மான் ஒன்று வந்து பூச்செண்டைக் கடித்து இழுத்தபோது. பிறகு தண்ணீரோரம் நடக்கையில் மெல்லச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு இந்தக் கலியாணம் விருப்பமில்லை. சொல்லிப் பாத்திட்டன். வீட்டில ஒருத்தரும் கேக்கினம் இல்லை."

கரையில் அவளுடைய அம்மா, குடையோடு. நான் சொன்ன பதில்: "கமராவைப் பாருங்கோ."

யூலை 9, புதன்

கணினியில், வீடியோவிலிருந்து என் தலையை நானே வெட்டும் வேலை. மாப்பிள்ளை பச்சைத் துணிக்கு முன்னால் நின்று, சொன்னபடி இடம் வலம் திரும்பி, தலையை அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர் போல. அதைச் சுற்றிக் கோடு போட்டு, மாஸ்க்காக வெட்டி எடுத்து என் கழுத்தில் வைக்க வேண்டும்.

விளிம்பை மங்கலாக்கும் பெதர் 3: கழுத்தைக் கத்தியால் அறுத்த மாதிரி.
15: கழுத்து புகை.
8: சரி.

என் தலையை மறைக்கும் மாஸ்க், அதை விரிக்கும் எக்ஸ்பான்சன் 2 காணாது. காதோரம் ஏதோ மினுங்கல். என் தோடு! கழற்ற மறந்திருக்கிறேன். சுவிஸ் மாப்பிள்ளைக்குத் தோடு. தனியே இருந்து சிரித்தேன். 6 ஆக்கினேன், போய்விட்டது.

பின்னேரம் தர்சினியின் அம்மா வந்து பார்த்தார். பிள்ளை செத்தவீட்டில் நிற்கிற மாதிரி நிற்கிறாளாம். மானைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எடுத்து, மாப்பிள்ளையைப் பார்க்கும் இடத்தில் வைக்க ஏலாதோ என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் சித்தப்பா ஏலும் என்றுவிட்டார்.

யூலை 10, வியாழன். போயா

பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. பாஸ்போட் படத்துக்கு ஆட்கள் வந்து தட்டுவார்கள் என்று சித்தப்பா வெளியால் பூட்டிக்கொண்டு போனார். ஒரு மணிக்கு வருவாராம். உள்ளே நான், மின்விசிறி, தர்சினியின் வாய்.

வாய் மட்டும் சிரித்தால் பேய். கண்ணோரத்துக்கும் தனி மாஸ்க். ஒவ்வொரு பிரேமாக நகர்த்தல். பெதர் 11, ஒபாசிட்டி 85. பொருந்திவிட்டது. இனிப் பார்ப்பவர் யாருக்கும் தெரியாது.

தர்சினி சொன்னதை யாரிடம் சொல்ல? இந்தக் கடை சித்தப்பாவுடையது என்பதால்தான் என்னை வேலைக்கே விடுகிறார்கள். வாயைத் திறந்தால் நாளையிலிருந்து வீட்டுக் குசினி, அடுப்பு. கோழை என்று எழுதினேன். வெட்டினேன். திரும்ப எழுதுகிறேன்: கோழை.

சித்தப்பா வந்து பார்த்தார். முதுகில் தட்டினார். இரண்டு மணிக்கு சுவிஸுக்கு அனுப்பியாயிற்று.

யூலை 12, சனி

காற்று குறைவு. சித்தப்பா கிண்ணியாவில் ஒரு கல்யாணத்துக்கு. கடைப் போன் என்னிடம். பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் குரல் பதிவு. சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்:

"தங்கச்சி, உங்களிட்டத்தான் கேக்கலாம். அவ போனில ஓம், இல்லை எண்டதைத் தவிர ஒண்டும் கதைக்கிறேல்லை. விருப்பமில்லையெண்டால் நானே நிப்பாட்டிப் போடுவம் எண்டு இருந்தனான். வீடியோவில என்னைப் பாத்துச் சிரிக்கிறதைக் கண்டாப்பிறகுதான் ஆறுதல். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். அவ சந்தோசமாத்தானே இருந்தவ?"

மூன்று தரம் கேட்டேன். ஒரு வரி போதும், அவர் நிறுத்திவிடுவார். தட்டினேன்: அந்தச் சிரிப்பு நான் வைத்தது. விரல் அனுப்பும் இடத்தில்.

வாசலில் தர்சினியின் அம்மா. வீடியோ பார்த்து அழுதுவிட்டாராம். லட்டுப் பெட்டியைத் திறந்து தன் கையாலேயே என் வாயில் ஒன்றை வைத்தார். சித்தப்பாவிடம் என் சம்பளத்தைக் கூட்டச் சொல்வாராம். கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் கதை. தர்சினி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, கல்யாணப் பெண்ணுக்கு வரும் பயம்தான் என்றார்.

அவர் போனபின் போனைப் பார்த்தேன். தட்டிய வரி அனுப்பாமல் அப்படியே இருந்தது. அதற்கு மேலே மாப்பிள்ளை இன்னொரு தரம் கேட்டிருந்தார்: தங்கச்சி?

அழித்தேன். ஓம் அண்ணா என்று போட்டேன். உடனே பார்த்துவிட்டார்.