டேங்க் மூடியில் என் கட்டைவிரல்

அன்பு மகனுக்கு,

அப்பாவின் கடிதம் இது. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. நீ உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை, எனக்கு மட்டும் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அங்கே குளிர் அதிகம் என்று நீ போனில் சொன்னதாக இவள் சொன்னாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது வழியாகத்தான் குளிர் ஏறும். மாதம் ஒருமுறை நீ இவளைக் கூப்பிடுகிறாய், இவள் "ம்", "சரி", "ம்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறாள், என்னைப் பற்றி நீயும் கேட்பதில்லை, நானும் அடுத்த அறையில் நின்று காது கொடுப்பதோடு சரி. நாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. இப்போது எழுதச் சொல்லி உட்கார்ந்ததற்குக் காரணம் நம் படகு. அந்த வார்த்தையைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துவிடாதே. உன்னைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, கடைசி வரி வரைக்கும் படி.

அம்மாவை அக்கரை ஆஸ்பத்திரிக்கு நீ ஏற்றிப்போன அந்த மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் படகை நான் தொடவில்லை. டிரெய்லரில் ஏற்றி ஷெட்டுக்குள் தள்ளி, தார்ப்பாயைப் போட்டுக் கட்டியதுதான். போன மாதம் ஐஸ் கம்பெனிக்காரர் வந்து, சும்மா கிடக்கிற படகைக் கொடுத்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஐஸ் கொண்டுபோக உதவும் என்று கேட்டார், இன்ஜினை ஓட்டிக் காட்டினால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கும் அது கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. தார்ப்பாயை விலக்கினால் உள்ளே முழங்கால் அளவு மழைத் தண்ணீர், தண்ணீர் வடிவதற்கு இருக்கும் அடித் தக்கையைக் கழற்றாமல் விட்டிருக்கிறோம். மிதவைச் சட்டைகளுக்குள் எலி குடும்பம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்திருக்கிறது. டிரெய்லர் டயர் இரண்டும் தரையோடு தரை. டயர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் காத்து அடிச்சா எனக்குத்தான் மூச்சு வாங்கும், மாமா" என்று சொல்லி வேறு இரண்டு மாட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் இடது சக்கரம் சுற்றவில்லை. உள்ளே பேரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வைத்திருக்க வேண்டும், எனக்குத்தான் பொறுமை கிடையாதே, சுத்தியலை எடுத்து ஓங்கினேன், அது சறுக்கி என் விரலிலேயே விழுந்தது. கை இப்படி ஆனது அப்படித்தான். உன் தங்கை என் கையைத் துணியில் சுற்றிவிட்டு, ஒரு நாள் எண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் அந்தப் பேரிங்கைத் தானே கழற்றினாள்.

அதற்குப் பிறகு வேலையெல்லாம் அவள்தான், நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாயால் வேலை செய்தேன். இன்ஜினில் பிளக்கைக் கழற்றச் சொன்னேன், இரண்டும் புதுசாக இருந்தன. நீ மாற்றியிருக்கிறாய், எப்போது மாற்றினாய் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தோம், சுற்றியது. தனியாகத் தூக்கி வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் டேங்க்கில் இருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது, அதைக் கொட்டிக் கழுவிப் புதுசு ஊற்றினோம். கார்பரேட்டருக்குள் பிசின் கட்டியிருந்தது, அவள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாகச் சுத்தம் செய்தாள். பெட்ரோல் குழாய் வெடித்திருந்தது, அதையும் மாற்றினோம். பிறகு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி இன்ஜினின் அடிப்பாகத்தை அதற்குள் இறக்கி, அவள் குழாய் நடுவில் இருக்கும் ரப்பர் பம்பை அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தாள். ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. புகையோடு டிரம்மே நடுங்கியது, இவள் வாய்விட்டுச் சிரித்தாள், அந்தச் சத்தத்தை நான் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திணறி நின்றுவிட்டது. ஆறு நிமிஷம் கூட இருக்காது. மறுபடி இழுத்தால் இருமியது, நின்றது. ரப்பர் பம்ப் அமுங்கியது அமுங்கியபடியே ஒட்டிக் கிடந்தது.

இதைத்தான் நீ அன்றைக்குச் சொன்னாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டை எல்லாம் நனைந்து நின்றுகொண்டு, "நல்லா ஓடிட்டு இருந்துச்சுப்பா, நடுவுல நின்னுருச்சு, பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தெறந்து பாத்தேன், இருந்துச்சு, அப்புறம் கொஞ்ச தூரம் ஓடுச்சு, மறுபடியும் நின்னுருச்சு" என்று சொன்னாய். டாக்டர் வெளியே வந்து, அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்ததும் நான் மற்ற எதையும் கேட்கவில்லை. சாக்கு சொல்லாதே என்றேன். இன்ஜினைப் பார் பார் என்று சொன்னேனே, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு உன் அம்மாவை நீதான் கொன்றாய் என்றேன். அத்தனை பேர் நடுவில் சொன்னேன். நீ திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் அப்படித்தான் நம்பிவிட்டாய் என்று எனக்கு இப்போது புரிகிறது.

டிரம் பக்கத்தில் நான் வாய்க்கு வந்தபடி இன்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் தங்கை குனிந்து டேங்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, வயிறு ஒட்டிப் போயிருக்கு" என்றாள். பார்த்தேன், டேங்க்கின் பக்கம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தன. அவள் மூடியைத் திருகினாள், உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று, டேங்க் டப்பென்று பழைய அளவுக்கு வந்தது. மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தாள், ஒரே இழுப்பு. அரை மணி நேரம் ஓடவிட்டோம், நிற்கவே இல்லை. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அதற்காக மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், முப்பது வருஷம் படகு ஓட்டியவனுக்கு அது தெரியாதா. மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இருந்த இடத்தில் பசை வைத்து அடைத்திருந்தது. கல்லாக இறுகிப்போன அந்தப் பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை. என் விரலை அதன் மேல் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் வைத்தேன், பொருந்தியது.

உனக்கு நினைவிருக்கும், ஷெட்டில் திருட்டுப் பயம் என்று டேங்க்கை வீட்டுப் பின்னறையில் வைத்திருந்தோம். பெட்ரோல் நாற்றத்தில் உன் அம்மாவுக்குத் தலைவலி வரும். "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஒரு நாள் சண்டை பிடித்தாள். சரி தாயே என்று அன்றைக்கே அந்த ஓட்டையை அடைத்தேன், அடுத்து படகை எடுக்கும்போது வேறு மூடி வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று. நாற்றம் நின்றது, அவளும் சிரித்தாள், நானும் மறந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு நாள் கழித்து நான் மரக்கடையில் வேலையில் இருந்தபோது அவளுக்கு நெஞ்சுவலி வந்தது, நீ அந்த டேங்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். நடுத் தண்ணீரில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு நீ ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்திருப்பாய். உன் மேல் ஒரு தப்பும் இல்லை மகனே. நீ மூடியைத் திறந்ததும் ஓடியது என்று அன்றைக்கே சொன்னாய், அதை நான் காதில் வாங்கியிருந்தால் அந்த வராந்தாவிலேயே எனக்குப் புரிந்திருக்கும். அவளுடைய தலைவலிக்குச் செய்தது அவளையே கொண்டுபோய்விட்டது என்று நான் படுத்தால் ஒரு பக்கம், எழுந்தால் ஒரு பக்கம் அழுகிறேன். ஆனால் அதைவிடப் பெரியது உனக்குச் செய்தது. அது தெரியாமல் நடந்தது, இது தெரிந்து சொன்னது.

ஐஸ் கம்பெனிக்காரரிடம், இன்ஜின் நன்றாக இருக்கிறது, என் மகன் நன்றாகத்தான் வைத்திருந்தான், மூடியைக் கெடுத்தது நான் என்று சொன்னேன், அவர் எதுவும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு உன் மாமா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுத்தானே அவரும் உன்னோடு பேச்சை விட்டார். மூடியை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து என் பக்கமே தள்ளிவிட்டு, "என் தங்கச்சி போனது போனதுதான் மச்சான். உசுரோட இருக்கறவன்கிட்ட போய்ச் சொல்லுங்க, என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க" என்று கேட்டார். போனில் சொன்னால் நீ வைத்துவிடுவாய், வைக்காவிட்டால் நான் உடைந்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கிற தகுதியும் இல்லை. ஒன்று மட்டும் செய். ஒரு தடவை கூப்பிட்டு என்னைத் திட்டு. நாலு வருஷம் உள்ளே வைத்திருந்ததை எல்லாம் கொட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். திட்டி முடித்து நீ வைத்துவிட்டால்கூட எனக்குப் போதும். நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இருந்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே, வேலை செய்யும் இடத்தில் யாரிடமாவது சிரித்துப் பேசு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசியும் உனக்கு உண்டு, அவளுக்கு உன் மேல் ஒரு நிமிஷமும் கோபம் இருந்திருக்காது. மறக்காமல் செய்ய வேண்டியது: ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன், போன் என் பக்கத்தில் இருக்கும்.

இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே.

உன் அப்பா

அண்ணா, இது நானாக எழுதுவது. அப்பா முகம் கழுவப் போயிருக்கிறார். அந்தப் பசையை வைக்கும்போது அவர் தனியாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை, மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அந்த ஓட்டை எதற்கு என்று தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் நீ மூடியைத் திறந்தேன் என்று சொன்னபோது எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. கேட்கலாமா என்று இருந்தது, அப்பா கத்திய கத்தலில் வாய் எழவில்லை. அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்தேனே, அத்தனை நாளிலும் கேட்கவில்லை. நீ பெட்டியோடு கிளம்பிய அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் உன் பின்னாலேயே வந்தேன். நீ திரும்பி, "என்னம்மா?" என்று கேட்டாய். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்தை மட்டும் மடித்து உள்ளே வைத்துவிடலாம், அவருக்குத் தெரியாது. அவர் வருகிற சத்தம் கேட்கிறது. இதையும் சேர்த்துத்தான் வாசிக்கப் போகிறேன்.

உன் தங்கை